கனவுக்குள் திரும்பிப் போன கனிசியஸ்

இரவில் மற்றவர் தோணியில் கடலுக்குப் போய்வருகிற கனிசியஸ் பகலில் படுத்தால் அவருடைய மனைவி மக்டலீன் காவல் இருப்பாள். காகம் கரைந்தால் கல்லெறிவாள். அடுத்த வளவில் லூர்த்தம்மா மா இடிக்கத் தொடங்கினால் வேலியால் எட்டி இரண்டு சொல்லுச் சொல்லுவாள். "நித்திரை சுகம் அறியாது எண்டு சொல்லுவினம், உன்ரை மனுசனுக்கு மட்டும் ஊரே வாய் பொத்தவேணும்" என்று லூர்த்தம்மா முணுமுணுத்துக்கொண்டு உலக்கையைச் சாத்துவாள். மனுசன் களைத்துப் போனார் என்பதல்ல மக்டலீனுடைய கவலை. அந்த நித்திரைக்குள்தான் மகன் லியோன் வருகிறான்.

லியோன் போய் ஏழு மாதம். தொண்ணூற்றோராம் ஆண்டு, கடலுக்குப் போகக் கடற்படை தடை போட்டிருந்த காலம். தகப்பன் கொப்பளிப்பான் அம்மை போட்டு வேப்பிலையும் தானுமாகக் கிடந்தார். வீட்டில் உலை வைக்க ஒன்றுமில்லை. இன்றைக்கு நீ போய்விட்டு வா என்று மக்டலீன்தான் இருபது வயதுப் பிள்ளையை அனுப்பினாள். இரவு கடற்பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. விடிய மற்றத் தோணிகள் வந்தன, லியோனுடையது வரவில்லை. உடலுமில்லை, ஒரு பலகைகூடக் கரைசேரவில்லை. குருநகர்க் கோயிலில் சவப்பெட்டியில்லாமலே பூசை வைத்தார்கள்.

அன்றுமுதல் கனிசியஸ் மனைவியைக் கோபித்து ஒரு சொல் சொன்னதில்லை. வேறு சொல்லும் பெரிதாகச் சொன்னதில்லை. ஊரோ, தங்கமான மனுசன் என்றது. ஊருக்கென்ன தெரியும்?

கனவு எப்போதும் ஒன்றுதான். லியோன் கரையில் இருந்து கிழிந்த வலை பொத்துவான். அது தோணியோடு போன வலை. அதைக் கண்டதுமே கனிசியசுக்கு இது கனவு என்று தெரிந்துவிடும். தெரிந்த பதைப்பில் விழிப்பும் வந்துவிடும். முதலில் நாலைந்து தரம் அப்படியே பறிகொடுத்தார். பிறகுதான் தொழிற்பழக்கம் கைகொடுத்தது. வலை விட்டுவிட்டுத் தோணியில் படுக்கிறவனைப் பேர் சொல்லி எழுப்புவதில்லை. கால் பெருவிரலை அமத்துவார்கள். அவன் அரைக்கண்ணில் எழும்பி, செய்யவேண்டியதைச் செய்துவிட்டு, விட்ட நித்திரையை விட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்வான்.

கனிசியஸ் கனவையும் அப்படிப் பிடிக்கப் பழகினார். விழித்தால் கண் திறப்பதில்லை, சரிந்து படுப்பதில்லை. கடைசியாகக் கண்டதை, வலைநூல் விரலில் உரசுகிறதை, நினைத்துக்கொண்டு கிடக்கவேண்டும். ஓர் அருள்நிறைந்த மரியே மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் போய்விடவேண்டும். பிந்தினால் அடுப்படிச் சத்தம் காதில் ஏறிவிடும். விடியப் படுக்கிற முதல் நித்திரை இதற்கு உதவாது, அது கல்லுப்போலக் கிடக்கிற நித்திரை. கோயிலின் மத்தியான மணியோடு எழும்பி, ஒரு மிடறு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பப் படுக்கிறதுதான் கனவுக்கேற்ற நித்திரை.

இதையெல்லாம் கேட்டறிந்த மக்டலீன் ஒருநாள் காலடியில் வந்து இருந்தாள்.

"கனவெண்டு உங்களுக்கு அதுக்குள்ளையே தெரியுதுதானே. அப்ப அவனைக் கேளுங்கோ, அம்மாவிலை கோவமோ எண்டு."

ஓம் என்றார். ஆனால் கேட்கவில்லை. காகம் குழப்பிவிட்டது என்றார், இருமல் வந்தது என்றார். உண்மை வேறு. முன்பொருநாள் கனவில், நாளைக்குக் காற்று எப்படி என்று மகனைக் கேட்டிருந்தார். அவன் சொன்ன மறுமொழி, படுக்குமுன் அவரே மனதில் நினைத்தது, சொல்லுக்குச் சொல். வாய் மகனுடையது, வார்த்தை தன்னுடையது என்று அன்றைக்கு விளங்கிவிட்டது. அப்படியானால் இந்தக் கேள்விக்கு என்ன மறுமொழி வரும்? அந்தப் பயம் அவரை உள்ளுக்குள் தின்றது.

அவளோ விடவில்லை. நாளுக்கு நாள் மெலிந்து, சோற்றை அளைந்துவிட்டு எழும்பினாள். பார்க்கப் பொறுக்காமல் ஒரு சனிக்கிழமை அவர் மணியோடு எழும்பித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தார்.

லியோன் இருந்தான். வலை இருந்தது. வழமைபோல விழிப்பு வந்தது. கண் திறவாமல் நூலை நினைத்தார், கனவு திரும்பியது. மூடின இமைக்குள் கண்மணி ஓடுகிறதைக் கண்ட மக்டலீன், கேளுங்கோ என்பதுபோல அவருடைய கால் பெருவிரலை மெல்ல அமத்தினாள். கடற்கரையில் நின்றபடியே அவருக்கு அந்த அமத்தல் தெரிந்தது. கேட்டார்.

லியோன் தலை நிமிரவில்லை. "ஓம் அப்பா. அவதானே அனுப்பினவ."

விழித்துவிட்டார். கண் இன்னும் மூடித்தான் இருந்தது. இப்போதும் திரும்பிப் போகலாம், நேரமிருந்தது. போய், இல்லையென்று சொல்லடா மோனை என்றால் அவன் சொல்லுவான். அவருடைய கனவுதானே. அல்லது போகாமலே, கோபமில்லையாம் என்று ஒரு பொய் சொன்னாலும் அவளுக்குப் போதும். தன் கோபத்தைச் செத்த பிள்ளையின் வாயில் வைத்துவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. கண்ணைத் திறந்தார்.

"கேட்டனீங்களோ?"

"கேட்டனான். கோவமாம்." பிறகு சொன்னார், "அவனுக்கில்லை மக்டலீன். எனக்கு."

அவள் அழவில்லை.

"தெரியும். என்ரை பிள்ளை என்னைக் கோவிக்கமாட்டான். உங்களைக் கேக்கப் பயமாயிருந்தது. அதுதான் அவனைக் கேக்கச் சொன்னனான்."

வேலிக்கு அந்தப் பக்கம் உலக்கைச் சத்தம் தொடங்கியது. மக்டலீன் எழும்பிப் போகவில்லை.

"இவ்வளவு நாளும் வைச்சிருந்ததைச் சொல்லுங்கோ," என்றாள். "எல்லாத்தையும் சொல்லுங்கோ. நான் இருக்கிறன்."

கனிசியஸ் பாயில் எழுந்து இருந்தார். ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நீ அவனை அனுப்பியிருக்கக் கூடாது," என்று தொடங்கினார்.