ஆறாவது நரம்பு

காலை பத்தே கால் மணிக்கு, லாரிக்கு மேலே நான்கு டன் கம்பிக் கட்டு தொங்கிக்கொண்டிருந்தபோது, இளமதியின் கண்ணுக்குக் கொக்கி இரண்டாகத் தெரிந்தது. எது நிஜம் எது பொய் என்று பிரிக்க முடியவில்லை; இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே கனம். கிரேன் கேபின் கண்ணாடியில்தான் அழுக்கோ என்று துணியால் துடைத்துப் பார்த்தாள். கீழே கையசைத்து வழிகாட்டும் வசந்தகுமார் இரண்டு பேராக நின்று நான்கு கைகளை ஆட்டினான். லாரிப் பலகையில் நின்ற இரண்டு தொழிலாளர்கள் நால்வராகியிருந்தார்கள். வலப்பக்கம் திரும்பினால் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. இடப்பக்கம், அதாவது லாரி நின்ற பக்கம், பார்த்தால் பிரிந்து விலகியது.

நெம்புகோல்களிலிருந்து கையை எடுத்தாள். கட்டு அந்தரத்தில் லேசாக ஆடி நின்றது. இடது கண்ணை உள்ளங்கையால் மூடினாள், கொக்கி ஒன்றானது. ஆனால் ஒற்றைக் கண்ணில் உலகம் காலண்டர் படம்போலத் தட்டையாக இருந்தது. கட்டுக்கும் லாரிக்கும் நடுவே எத்தனை அடி என்று சொல்ல முடியவில்லை. ஹாரனை விடாமல் அடித்தாள். லாரியில் இருந்த இருவரும் இறங்கி ஓடி மஞ்சள் கோட்டுக்கு வெளியே போன பிறகு, வசந்தகுமாரின் கையை மட்டும் நம்பி, விரற்கடை விரற்கடையாக இறக்கினாள். இரண்டு நிமிட வேலைக்குப் பதினோரு நிமிடம் ஆனது.

கட்டு பலகையில் உட்கார்ந்தது. மூன்று நாளாகவே இடது புருவத்துக்குப் பின்னால் ஒரு வலி இருந்தது. தூக்கம் போதவில்லை என்று நினைத்திருந்தாள். இப்போது இன்னொரு நினைப்பும் வந்தது. நாற்பதடி உயரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பவள் ஒரு கண்ணை மூடியிருப்பது யாருக்குத் தெரியப்போகிறது? ஷிப்ட் முடிய நான்கு மணி நேரம்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இந்தக் கம்பி ஆலைக்கு அவள் வந்தபோது யார்டு கூட்டும் வேலை. பெருக்கிக்கொண்டே ஏழு வருடம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு பயிற்சிக்குப் பெயர் கொடுத்து, தேர்வெழுதி, மேலே ஏறினாள். ஆலையில் கிரேன் ஓட்டும் ஒரே பெண் அவள்தான். அவள் முதலில் ஏறிய அன்று, சீனியர் ஆபரேட்டர் கலியன் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "பொம்பள ஓட்ற கிரேனுக்குக் கீழ நான் நிக்க மாட்டேன்." பதினோரு வருடமாக அந்தப் பேச்சுக்கு அவள் வாயால் பதில் சொன்னதில்லை. ஒரு கட்டுகூட அவள் கையிலிருந்து நழுவியதில்லை, அவ்வளவுதான். இப்போது கீழே இறங்கினால் என்ன பேசுவார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இறங்கினாள். ஏணிப்படிகள் இரண்டிரண்டாகத் தெரிந்ததால் காலால் தடவித் தடவி இறங்கி, நேராக ஷிப்ட் பொறுப்பாளர் ஆதிகேசவனிடம் போனாள்.

"சார், எனக்கு ரெண்டு ரெண்டா தெரியுது. இன்னிக்கி ஓட்ட மாட்டேன்."

"மயக்கமா? ஒரு டீ குட்சிட்டு கொஞ்ச நேரம் உக்காரு. லாரிங்க வரிசையா நின்னுகினு இருக்குது."

"மயக்கம் இல்ல சார். கண்ணு. ரிஜிஸ்டர்ல எழுதுங்க."

ஆதிகேசவன் பேனாவை எடுக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கண்ணுன்னு எழுதினா டெஸ்ட்டு, கமிட்டி எல்லாம் வரும்மா. திரும்ப மேல ஏத்துவாங்களான்னு தெரியாது. காய்ச்சல், லீவுன்னு போட்டுக்கறேன். ஊட்டுக்குப் போ."

"கீழ ஆளுங்க நிக்கிறாங்க சார். கண்ணுன்னே எழுதுங்க."

மறுநாள் அவள் கணவன் தணிகைவேல் நாற்று நடவைப் பாதியில் விட்டுவிட்டுக் கூட வந்தான். சென்னைக்கு மின்சார ரயிலில் போகும்போது இரண்டு தண்டவாளம் நான்காகப் பிரிந்து ஓடுவதைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். அரசு கண் மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர் தலையை அசைக்காமல் பேனாவை மட்டும் பார்க்கச் சொன்னார். வலது கண் எல்லாப் பக்கமும் போனது. இடது கண் மூக்குப் பக்கம் வந்தது, மேலே போனது, கீழே போனது. வெளிப்பக்கம் மட்டும் போகாமல் நடுவிலேயே நின்றுவிட்டது. ரத்தம் எடுத்தார்கள். தலையைப் படம் பிடித்தார்கள். தலையில் ஒன்றுமில்லை; ரத்தத்தில் சர்க்கரை முந்நூற்றுப் பத்து இருந்தது. தனக்குச் சர்க்கரை இருப்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

டாக்டர் ஒரு தாளில் கண்ணை வரைந்தார். ஒவ்வொரு கண்ணையும் அசைக்க ஆறு தசைகள். அவற்றுக்கு மூளையிலிருந்து மூன்று நரம்புகள் வருகின்றன: மூன்றாவது, நான்காவது, ஆறாவது. கண்ணை வெளிப்பக்கம் இழுப்பது ஆறாவது நரம்பின் வேலை. இளமதி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கிரேனுக்கும் மூணு மோட்டார்தாம்மா. நீளவாக்குல போறதுக்கு ஒண்ணு, குறுக்குல போறதுக்கு ஒண்ணு, தூக்கறதுக்கு ஒண்ணு. எனக்குக் குறுக்கால போற மோட்டார் நின்னுபோச்சு. அதானே?"

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "அதேதான். கரண்டு குறைஞ்சிருக்கு, கம்பி அறுந்துபோகல. சர்க்கரையைக் கட்டுப்படுத்தினா பெரும்பாலும் மூணு மாசத்துல தானா திரும்பிடும். அதுவரைக்கும் ஒரு கண்ணை மூடிக்கோங்க. மேல ஏறாதீங்க."

மூன்று மாதம் அவளை ஸ்டோரில் போட்டார்கள். மூக்குக் கண்ணாடியின் இடப்பக்கத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, கிரேன் சங்கிலிகளைக் கண்ணி கண்ணியாகத் தடவி விரிசல் பார்க்கும் வேலை. கேன்டீனில் யாரோ அவளுக்குக் காது கேட்காது என்பதுபோல, "பயந்துட்டா, அத்த மூடி மறைக்கத்தான் கண்ணு கதை" என்றான். வீட்டில் அதைத் தணிகைவேலிடம் சொன்னாள். அடுத்த வாரம் வயலில் களை பறித்துக்கொண்டிருந்தவர்களிடம் அவன் சொன்னது சுற்றி வந்து அவள் காதில் விழுந்தது. "எங்க ஊட்டுக்காரம்மா, தன் வேல போனாலும் போவட்டும்னு எறங்கி வந்தவ. உங்கள்ள எத்தினி பேரு எறங்குவீங்க?"

பத்தாவது வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கலியன் ஸ்டோருக்கு வந்தார். அவள் இறங்கியதிலிருந்து அந்தக் கிரேனையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். ஐம்பத்தாறு வயது. வந்தவர் எதிரில் உட்காராமல் ஒரு சங்கிலியை எடுத்து, அவள் செய்வதுபோலவே தடவிப் பார்த்தார்.

"நீ இன்னா டாக்டராண்ட போன?"

அவள் சொன்னாள்.

"எனக்கு ஒரு வருசமாவே லைட்ட சுத்தி வளையமா தெரியுது. கொக்கி மங்கலா பூசினாப்ல இருக்குது. யாராண்டயும் சொல்லல." சங்கிலியைக் கீழே வைத்தார். "அன்னிக்கி நீ எறங்கனதுலருந்து, மேல ஏறும்போதுலாம் கீழ நிக்கற பசங்கதான் கண்ணு முன்னால வந்துகினு இருக்கானுங்க."

இளமதிக்கு அவரைக் கேலி செய்யத் தோன்றவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. "எனக்கு வியாழக்கிழம திரும்ப காட்டணும், கூட வாங்கண்ணே" என்று மட்டும் சொன்னாள். ஸ்டோரிலிருந்து போகும் வழியில் அவரே ஆதிகேசவனிடம் நின்று, ரிஜிஸ்டரில் தன் பெயரையும் கண் என்றே எழுதச் சொல்லிவிட்டுப் போனதாக வசந்தகுமார் பிறகு சொன்னான்.

வியாழக்கிழமை டாக்டர் இளமதியின் கண்ணை மறுபடி சோதித்தார். இடது கண் ஏறக்குறைய முழுதும் வெளிப்பக்கம் போனது; கடைசி ஓரத்தில் மட்டும் பேனா இன்னும் இரண்டானது. அதுவும் சேர்ந்ததும் கண் சரியாகிவிட்டது என்று ஆலைக்குக் கடிதம் தருவதாகச் சொன்னார். மேலே ஏற்றுவதா வேண்டாமா என்பதை ஆலைதான் முடிவு செய்யும். கலியனுக்குக் கண்புரையாக இருக்கலாம், உள்ளே நன்றாகப் பார்க்க வேண்டும் என்று சொட்டு மருந்து விட்டு, கூப்பிடும்வரை கண்ணைத் திறக்கக் கூடாது என்றார்கள். நீண்ட பெஞ்சில் அவர் கண்ணை மூடி, முகவாயை உயர்த்தி, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

நர்ஸ் சீட்டோடு வந்து அவர் பெயரைக் கூப்பிட்டாள். "கூட வந்தவங்க யாரு? நீங்களா? இவருக்கு இன்னா ஆவணும்?"

இளமதி வாய் திறப்பதற்குள் கலியன் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார்.

"இந்தம்மா எங்க மில்லு கிரேன் ஆபரேட்டரு."

எழுந்து வலது கையைக் காற்றில் நீட்டினார். இளமதி அருகே போய் நின்றாள். அந்தக் கை துழாவி அவள் தோளைக் கண்டுபிடித்து அழுத்தமாகப் பற்றிக்கொண்டது. நெரிசலான வராந்தாவில், அவள் முன்னே நடக்க, அவர் ஒரு இடத்திலும் தயங்காமல் பின்னால் வந்தார்.