இரட்டைப் புள்ளிக் கோடு

யாக்கோபுக்கு வேண்டியது ஒரு வண்டிப்பாதை. அது அவன் புஞ்சையிலிருந்து உக்கிரபாண்டியின் புஞ்சை வழியாகக் கண்மாய்க் கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆடியில் உக்கிரபாண்டி அதை உழுதுவிட்டான்.

"இங்க ஏதுலே பாதை?" என்று கேட்டான் உக்கிரபாண்டி. கை ஏரில் இருந்தது.

"நீ நிக்கிற எடத்துலதான்."

"நான் நிக்கிற எடத்துல நான்தான் நிக்கேன்."

மாசியில் பருத்தி வெளியே வந்தாக வேண்டும். பாதை இல்லையென்றால் தலைச்சுமைதான். யாக்கோபுக்கு நாலு ஏக்கர் பருத்தி.

யாக்கோபு புஞ்சைக்கு அப்பால் கருத்தம்மாளுக்கு முக்கால் ஏக்கர் இருந்தது. புருஷன் இறந்து பத்து வருஷம். அவள் எல்லாவற்றையும் தலைச்சுமையாகத்தான் கொண்டுபோனாள். யாக்கோபின் வரப்பு மேலே நடந்து போவாள். அவன் ஒருநாளும் தடுத்ததில்லை. அதைத் தன் நல்ல குணங்களில் ஒன்றாக வைத்திருந்தான்.

யாக்கோபு தாசில்தாரிடம் மனு கொடுத்தான். தாசில்தார் படித்தார்.

"கிராமப் படத்துல பாதை இருந்தா பாதை உண்டு. நகல் வாங்கிட்டு வா."

படங்கள் இருந்த அறை அதே கட்டடத்தில், மூன்று அறை தள்ளி. அங்கே ராஜகுரு என்ற குமாஸ்தா இருந்தார்.

"நகல் கிடையாது."

"ஏன் சார்?"

"யுத்தம்."

"எங்க ஊருல யுத்தம் இல்லையே சார்."

"வந்துறக் கூடாதுல்ல. ஜப்பான்காரன் கையில படம் கிடைச்சா?"

"எங்க கண்மாய்க்கு வந்தான்னா, தண்ணி இல்லைன்னு திரும்பிருவான் சார்."

ராஜகுரு சிரிக்கவில்லை. "தண்ணி இல்லைங்கறது உனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியக் கூடாது."

ஆனால் படம் பொதுமக்களுக்கு உரியது. யார் வேண்டுமானாலும் பார்வையிடலாம். யுத்தத்துக்காக வந்த சுற்றறிக்கை அதைத் தடுக்கவில்லை. படத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே ஐந்தடி இருக்க வேண்டும், கையில் பென்சில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். யாக்கோபை பெஞ்சில் உட்கார வைத்தார். கைகளை முழங்கால் மேல் வைக்கச் சொன்னார். படத்தை மேஜை மீது சாய்த்துப் பிடித்தார்.

இரண்டு வரிசைப் புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தன. கண்மாயிலிருந்து கிளம்பி, உக்கிரபாண்டி புஞ்சையைத் தாண்டி, அவன் புஞ்சைக்கு வந்தன. யாக்கோபு அதற்குமேல் பார்க்கவில்லை.

"அந்த ரெட்டைப் புள்ளிதான் சார் பாதை."

"நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

"தாசில்தார் ஐயாட்ட இதைக் காட்டுங்க சார்."

"அவுக நகல்தான் கேட்டிருக்காக. மூலத்தைக் கேக்கல."

யாக்கோபு மூன்று அறை நடந்து இதைச் சொன்னான். தாசில்தார் பேனாவை எடுத்தார். மனுவின் ஓரத்தில் எழுதினார். நகல் தர வழியில்லாததால், குமாஸ்தா மூலப்படத்துடன் நேரில் சென்று ஒத்துப்பார்த்து அறிக்கை தருவது.

ஐப்பசியில் தகவல் வந்தது. மேற்படி கிராமத்தில், மேற்படி புலத்தில், மேற்படி விஷயமாக அதிகாரி வருவார். உறையில் ஊர்ப் பெயர் இருந்தது. கடிதத்தில் இல்லை.

கார்த்திகை முதல் வாரம் ராஜகுரு பந்தல்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கினார். ஒரு கையில் குடை. மறு கையில் பூட்டுப் போட்ட தகரக் குழாய். யாக்கோபு மாட்டுவண்டியில் ஏற்றி வந்தான். கண்மாய்க் கரையில் வண்டி நின்றது.

"புஞ்சைக்குப் போகலயா?"

"பாதை இல்ல சார்."

"அதை நான் எழுதிக்க முடியாது. விசாரணை முடியல."

உக்கிரபாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். கருத்தம்மாள் புல்லுக்கட்டோடு அந்த வழியாக வந்தவள், கட்டைத் தலையில் வைத்தபடியே நின்றாள். ராஜகுரு மூவருக்கும் முதுகைக் காட்டி நின்று குடையை விரித்தார்.

"மழையே இல்லையே சார்" என்றான் உக்கிரபாண்டி.

"மழைக்கு இல்ல. மேல ஏதாவது போகும்."

"காக்கா போகும்."

ராஜகுரு குழாயைத் திறந்து படத்தைப் பாதி விரித்தார். தலையைத் தூக்கிப் புஞ்சையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். அப்புறம் சட்டென்று சுருட்டினார்.

"இதை யார் வெளியிட்டது?"

யாருக்கும் புரியவில்லை. அவர் கையை நீட்டிக் காட்டினார்.

அந்த வருஷம் மழை சுருக்கம். உக்கிரபாண்டியின் சோளம் முழங்கால் உயரம் வந்திருந்தது. நடுவில் மட்டும் வரவில்லை. முப்பது நாற்பது வருஷம் வண்டிச் சக்கரம் இறுக்கிய கரிசலை அவன் ஏர் மேலாகத்தான் கீறியிருந்தது. சக்கரம் போன இரண்டு தடத்திலும் பயிர் கணுக்கால் உயரத்தில் மஞ்சளாக நின்றது. அதுவும் தொடர்ச்சியாக இல்லை. ஒரு தூர், ஒரு இடைவெளி, ஒரு தூர். கரையிலிருந்து பார்த்தால் இரட்டைப் புள்ளிக் கோடு.

"யாரும் வெளியிடல சார்" என்றான் யாக்கோபு. "வண்டிதான்."

"இது அனுமதியில்லாத நகல்" என்றார் ராஜகுரு. "ஒண்ணுக்கு ஒண்ணு அளவுல."

வானத்தைப் பார்த்தார். ஒரு பருந்து வட்டமிட்டது. அது போகும்வரை குழாயைக் குடைக்கு அடியில் மறைத்துப் பிடித்தார்.

உக்கிரபாண்டி தன் சோளத்தைப் பார்க்கவில்லை. அதற்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே யாக்கோபு. பாதை ஒன் புஞ்சையில வந்து நிக்கலையேலே. அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கே."

கோடு வரப்பைத் தாண்டி யாக்கோபின் பருத்திக்குள் நுழைந்தது. அங்கே கொஞ்சம் மங்கலாக இருந்தது. பாதையை யாக்கோபு உழுது பத்து வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் செடிகள் இரண்டு வரிசையில் குறுகி நின்றன. பருத்தியைக் கடந்து, கருத்தம்மாளின் முக்கால் ஏக்கரில் போய் முடிந்தது.

"அது களரு, செடி வராத மண்ணு" என்றான் யாக்கோபு.

"களரு கயிறு பிடிச்சாக்குல நேராவா போகும்?"

கருத்தம்மாள் புல்லுக்கட்டை இறக்கிக் கீழே வைத்தாள்.

"அவுக இருந்தப்ப எங்க வண்டி வந்துச்சு" என்றாள்.

ராஜகுருவுக்குப் பாதையைப் பற்றிக் கவலை இல்லை. நகலைப் பற்றித்தான் கவலை.

"இதை அழிச்சாகணும். குட்டைப் பயிரெல்லாம் பிடுங்கிருங்க. வண்டியை ஓட்டுங்க."

"வண்டி ஓட்டினா பாதை இன்னும் நல்லாத் தெரியுமே சார்" என்றான் உக்கிரபாண்டி.

"தெரியட்டும். எல்லா ஊர்லயும் பாதை தெரியுது. பாதை பாதையா இருந்தா அது பாதை. பயிருக்குள்ள புள்ளி புள்ளியா இருந்தா அது படம்."

 

யாக்கோபு குடைக்குப் பக்கத்தில் போனான். "சார், என் எல்லை வரைக்கும் அழிச்சாப் போதும்ல?"

"பாதி அழிச்ச படமும் படம்தான்."

"நான் வேணா மனுவை வாபஸ் வாங்கிக்கிறேன் சார்."

"வாங்கிக்கலாம். அது உன் இஷ்டம். வெளியான நகல் வெளியானதுதான்."

யாக்கோபு தன் பருத்தியைப் பார்த்தான். பாதை போகும் அகலத்துக்கு ஆறு சால் செடி போகும். மனுவை அவன் வாபஸ் வாங்கவில்லை.

"போகையில வண்டி வேண்டாம்" என்றார் ராஜகுரு. "பாதைக் கட்சிக்காரன் வண்டியில ரெண்டு தடவை ஏறுனா அறிக்கையில விழும்." பந்தல்குடிக்கு நடந்தே போனார்.

மார்கழியில் உத்தரவு வந்தது. மேற்படி நகலை முழு நீளத்துக்கும் உடனே அகற்றுவது. அகற்றிய இடத்தில் மறுபடி நகல் தோன்றாதபடி வண்டிப் போக்குவரத்தை இடைவிடாமல் நடத்துவது.

உக்கிரபாண்டி தன் சோளத்தைப் பிடுங்கினான். அடுத்த நாள் யாக்கோபு தன் பருத்தியைப் பிடுங்கினான். பூப்பிடித்த செடிகள். உக்கிரபாண்டி வரப்பில் உட்கார்ந்து கடைசிச் செடி வரை பார்த்தான்.

"களரு நல்லாப் பூத்திருக்கே" என்றான்.

மாசியில் யாக்கோபு முதல் பருத்தியை ஏற்றி வண்டியைப் பூட்டினான். தலைச்சுமை இல்லை. நினைத்தது நடந்துவிட்டது. பாதைக்கு வந்தபோது முன்னால் ஒரு வண்டி போய்க்கொண்டிருந்தது. கருத்தம்மாள் தன் அண்ணன் வண்டியை இரவல் வாங்கியிருந்தாள். இரண்டு பொதிதான். மாடுகளில் ஒன்று கிழடு. அது நாலு எட்டு வைத்து நின்றது. யோசித்து மறுபடி நடந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஒதுங்கிக்கிறவாண்ணே?"

"எங்குட்டு ஒதுங்குவ? ரெண்டு பக்கமும் பருத்தி."

"ஆமா" என்றாள் கருத்தம்மாள். "ஒங்க பருத்திதான்."

மாடு மறுபடி நின்றது. யாக்கோபும் வண்டியை நிறுத்தினான்.