ஆவாரை வேலி

எனக்கு இளைப்பு வந்ததற்குத் தோல் பதனிடும் ஷாப்புக் காற்றுதான் காரணம் என்றார் மிஷன் டாக்டர். கடலோரமாய்ப் போய் இருந்தால் மூச்சு சரியாகுமாம். சொல்லிவிட்டுப் போய்விட்டார் மகராசன். ஆம்பூரில் பிறந்து ஆம்பூரிலேயே வாழ்க்கைப்பட்டவளுக்குக் கடல் என்ன மாமியார் வீடா, நினைத்தால் போய் இறங்க?

என் வீட்டுக்காரர் தேவசகாயம் அதைப் பிடித்துக்கொண்டார். தோல் ஷாப்பு முதலாளி ஷபீ அஹமதிடம் போய் நின்றார். முதலாளியின் அக்கா ஜஹீருன்னிசாவுக்குப் பட்டணத்துக்குத் தெற்கே கோவளம் பக்கம் கடலோரத்தில் ஒரு தோட்டம். அங்கே சமையலுக்கும் துணைக்கும் ஒரு பொம்பளை வேண்டுமாம். ஒரே ஒரு பொம்பளை.

"நீ போய் இரு சவுரி. நான் அப்பப்ப வந்து பாத்துட்டுப் போறேன்."

"உனக்கு யாருய்யா ஆக்கிப் போடுவா?"

"நானே பொங்கிக்கிறேன்."

"நீ பொங்குன சோத்த நாய்கூட மோந்து பாக்காது!"

அழுதேன், சட்டியை உடைத்தேன். மனுஷன் அசையவில்லை.

பட்டணம் வரை ரயில், அப்புறம் கால்வாய்ப் படகு. தோட்டத்துக்கு ஒரு பக்கம் வேர்க்கடலைக் கொல்லை, நடுவில் சவுக்குத் தோப்பு, அந்தப் பக்கம் ஆளே இல்லாத மணலும் கடலும். வரப்பு மேலேயே நடந்து தோப்பைத் தாண்டினோம். கடலைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். மூச்சு நெஞ்சின் அடிவரைக்கும் தங்குதடை இல்லாமல் போய் வந்தது. பாழாய்ப்போன காற்று நன்றாக இருக்கிறதே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

முதலாளியின் அக்காவை அங்கே எல்லோரும் பீபியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பீபியம்மா என்னை அடுப்படி காட்ட உள்ளே கூப்பிட்டாள். சாயங்காலப் படகில் இவர் திரும்ப வேண்டும். "அதுவரைக்கும் சும்மா குந்தியிரு" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் ஐயோ! கடலுக்குப் போகும் பாதையோரம் மஞ்சளாய்ப் பூத்து நின்ற ஆவாரை வேலி அடியோடு காலி. வெறும் முண்டுதான் நிற்கிறது. பக்கத்தில் உரித்த பட்டை, நார் போட்டுக் கட்டிய கட்டுக் கட்டாக. நடுவில் இவர், கையில் இடுப்புக் கத்தி. சின்ன வயசில் ஆலங்காயத்துக் காட்டில் ஆவாரம்பட்டை உரித்துத் தோல் ஷாப்புக்குப் போட்டவர். அந்தப் பட்டைத் தண்ணீரில்தான் தோல் பதமாகும்.

"யோவ், இன்னாய்யா இது?"

"கை அது பாட்டுக்குப் போயிடுச்சு சவுரி. மனசு இங்க இல்ல."

"எங்க போச்சு?"

"உன்ன உட்டுட்டு எப்பிடிப் படகேறதுன்னு..."

இத்தனை நாள் கல்லு மாதிரி இருந்த மனுஷனா இது? ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குள் பீபியம்மா வந்துவிட்டாள். அவள் கையால் வைத்து வளர்த்த வேலி. முகம் சிவந்துவிட்டது. வேலை போச்சு, இரண்டு பேரும் ஊருக்குப் போகலாம் என்று உள்ளுக்குள் குதித்தேன். மறு நிமிஷமே அந்தப் பழைய மூச்சை நினைத்துப் பயந்தேன்.

"யாரு பண்ணது?"

"நான்தாங்க" என்று கைகட்டி நின்றார்.

"என்ன உட்டுட்டுப் போற துக்கத்துல புத்தி பேதலிச்சிட்டாரும்மா" என்று நானும் அழுதுவிட்டேன்.

பீபியம்மா கட்டுகளைப் பார்த்தாள். எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"நல்லாக் கேட்டுக்கோ. இந்த வேலி என் தோள் உசரம் வர்ற வரைக்கும் நீ இந்தத் தோட்டத்த உட்டு நகரக் கூடாது. தண்ணி ஊத்து, எரு போடு. தம்பிகிட்ட நான் சொல்லிக்கிறேன். கூலி அங்க குடுத்ததுதான். நடுவுல ஓடினே, தெரியும் சேதி!"

திட்டிவிட்டுத் திரும்பியவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆவாரை வெட்டினாலும் சாகாது. மழைக்கு முண்டெல்லாம் துளிர்த்தது. அடுத்த வருஷம் இடுப்பளவு, அப்புறம் நெஞ்சளவு. எனக்கு இளைப்பு போன இடம் தெரியவில்லை. ஆனால் வேலியைப் பார்க்கும்போதெல்லாம் பீபியம்மாவின் தோளுக்கு இன்னும் எத்தனை விரல் என்று அளந்தேன்.

ஒரு விடியற்காலை தண்ணீர்க் குடத்தோடு வருகிறேன். இவர் வேலி ஓரம் குனிந்து கொழுந்துகளை நறுக்கிக்கொண்டிருக்கிறார்.

"இன்னாய்யா பண்றே?"

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. "இல்ல... ஜாஸ்தி வளந்துட்டா பீபியம்மாவுக்குக் கடல் தெரியாதில்ல?"

குடத்தை இறக்கினேன். அடுப்படிக்குப் போய் அரிவாளை எடுத்து வந்தேன்.

"தள்ளு. இந்தப் பக்கமும் உசரமாத்தான் இருக்கு."

இரண்டு பேரும் சத்தமில்லாமல் வெட்டிக்கொண்டிருந்தோம். மேலே மாடி ஜன்னல் திறந்தது.

"சவுரியம்மா! அந்தக் கோடியில ஒண்ணு நீட்டிக்கினு நிக்குது பாரு, அதையும் கம்மி பண்ணு!"