குடோன் நிழல் விழும் பக்கம்

எங்கள் மைதானத்தில் கால்பந்து ஆடும் கல்லூரிப் பெண்களில் யாரைக் கிளப்புக்காரர்கள் எடுப்பார்கள் என்று என்னால் ஏறக்குறைய சரியாகச் சொல்லிவிட முடியும். கோல்கீப்பர் தப்பாது. லெஃப்ட் விங் தப்பாது. நடுவில் ஆடுகிறவர்களில் யாரை முதலில் கூப்பிடுவார்கள், யாரைக் கடைசியில் கூப்பிடுவார்கள் என்பதுகூடப் பெரும்பாலும் பிசகாது. வலது பக்கம் தடுத்து ஆடும் ரைட் பேக்கும் முன்னால் ஓடும் ரைட் விங்கும்தான் என்னைக் கவிழ்த்தார்கள். ஒவ்வொரு வருடமும் எங்கள் ஊர்க் கல்லூரி அணியில் நன்றாக ஆடும் ஒரு வலது பக்கத்துக்காரியின் பெயரை எழுதுவேன். ஒவ்வொரு வருடமும் அவள் பெயரை யாரும் கூப்பிட மாட்டார்கள். கிளப்புகளுக்கு ரைட் பேக் வேண்டாம் என்றால் புரிந்துகொள்ளலாம். ஆனால் அதே மைதானத்துக்கு வந்து ஆடிய வேறு கல்லூரியின் சுமாரான ரைட் பேக்கை எடுத்துக்கொண்டு போவார்கள். ஏன் என்று எனக்குப் புரியவேயில்லை.

எடுப்பது என்றால் இப்படி. கல்லூரி லீக் முடிந்ததும் சென்னையின் பெண்கள் கால்பந்து கிளப்புகள் ஓர் அரங்கில் கூடும். படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கும் ஆட்டக்காரிகளின் பெயர்கள் எல்லாம் ஒரே பட்டியலில் இருக்கும். போன வருடம் கடைசியாக வந்த கிளப் முதலில் ஒரு பெயரைக் கூப்பிடும், பிறகு அதற்கு மேலே வந்த கிளப், இப்படியே சுற்று வரும். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். அந்த வருடம் விட்டால் விட்டதுதான், மறுபடி அந்தப் பட்டியலில் பெயர் வராது.

திருவொற்றியூரில் சுகிர்தம் அக்கா டீக்கடையில் வடை விலை எழுதும் கரும்பலகை ஒன்று உண்டு. லீக் நடக்கும் மாதங்களில் அதன் பின்பக்கம் எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் பழைய ஆட்டக்காரர்கள் நாங்கள் நாலைந்து பேர், யார் யார் போவார்கள் என்று அவரவர் ஊகத்தைச் சாக்பீஸில் எழுதுவோம். அதிகம் தப்பாகச் சொன்னவன் எல்லோருக்கும் வஞ்சிரம் வறுத்துப் போட வேண்டும். என் மனைவி வீட்டில் அதற்கென்றே ஒரு தோசைக்கல்லைத் தனியாக வைத்துவிட்டாள்.

எப்போதும் ஜெயிப்பவன் டெரிக். காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் இடத்தில் மேஸ்திரி. நானும் அவனும் ஒரே தெரு, ஒரே அணி. நான் லெஃப்ட் விங், அவன் ரைட் விங். அன்றைக்கெல்லாம் கிளப் கிடையாது, டிராஃப்டும் கிடையாது. கம்பெனி அணிகள் இருந்தன. சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து கம்பெனி ஆட்கள் ஜீப்பில் வருவார்கள். பிடித்த பையனைக் கூப்பிட்டுத் தோளில் கைபோட்டுப் பேசுவார்கள். அடுத்த வாரம் அந்தப் பையன் சீருடை போட்டு வேலைக்குப் போவான். ஜீப் வந்து நின்றால் மைதானத்தில் ஒரு வாசனை அடிக்கும், பெட்ரோலும் புது மெத்தைத் தோலும் கலந்தது. அந்த வாசனை இன்றைக்கும் எங்கேயாவது வந்தால் என் கால் தானாகத் துடிக்கும். மணலிப் பக்கத்துக் கம்பெனி ஒன்று என்னை அப்படித்தான் எடுத்தது. பம்ப் ஏன் நின்றது என்று பார்த்துச் சொல்லும் வேலை. டெரிக்கை யாரும் கூப்பிடவில்லை. என்னைவிட அவன்தான் நன்றாக ஆடுவான் என்பதில் எங்கள் இருவருக்குமே சந்தேகம் இருந்ததில்லை.

இந்த வருடம் பலகையில் டெரிக் எழுதி முடித்ததும் நான் ஒருமுறை படித்தேன். பிறகு இன்னொருமுறை படித்தேன்.

"டெரிக், உம் பொண்ணு பேரக் காணோமே?"

"எழ்தல."

"ஏன்டா? ஷைனிய வுட நல்ல ரைட் பேக்கு இங்க எவ கீறா?"

"எவளும் இல்ல. நான் இல்லன்னு சொன்னேனா? எட்க்க மாட்டானுங்க, அவ்ளோதான். ரைட் சைடு பேர எழ்தாதடான்னு உங்கிட்ட நானும் சொல்லிகினேதான் கீறேன். கேட்டியா? மீனு வறுத்துகினே கீற."

"பெத்த அப்பன்டா நீ."

"அப்பன்ங்கிறதுக்காகத் தோத்துப் போவணுமா?"

சுகிர்தம் அக்கா டீயை ஆற்றிக்கொண்டே, "இப்படியும் ஒரு தகப்பன்" என்றாள். அவள் ஊர் தெற்கே நாசரேத். வந்து இத்தனை காலமாகியும் பேச்சு மட்டும் மாறவில்லை. "பிள்ள வந்து நிக்கா பாருங்க பின்னால."

ஷைனி பயிற்சி முடிந்து ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டிருந்தாள். முழங்கால் வரை சிவப்புப் புழுதி. பலகையைப் பார்த்தாள்.

"எங்கப்பா எழ்தலன்னா இன்னா மாமா, நீ எழ்திகீறல்ல? மீனு நான் வாங்கித் தரேன், நீ வறு" என்று சிரித்தாள். வடை ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஸ்கூட்டியைத் திருப்பும்போது மறுபடி ஒருமுறை பலகையைப் பார்த்தாள். அதை நானும் பார்த்தேன், டெரிக்கும் பார்த்தான்.

அவளுக்கு இதுதான் கடைசி வருடம். கிளப் எடுக்கவில்லை என்றால் ஜூன் மாதம் எண்ணூர்ப் பக்கம் இறால் கம்பெனியில் பில் போடும் வேலை தயாராக இருந்தது. டெரிக்கே சொல்லி வைத்திருந்தான்.

அடுத்த சனிக்கிழமை லீக்கின் கடைசிக்கு முந்தைய ஆட்டம். எனக்கு வழக்கமான இடம் கிடைக்கவில்லை. எங்கள் மைதானத்துக்குக் கேலரி கிடையாது. தெற்குப் பக்கம் பழைய குடோன் ஒன்று உயரமாக நிற்கிறது. தை, மாசி மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் அதன் நிழல் கோட்டோரம் முழுக்க விழும். எல்லோரும் அந்த நிழலில்தான் பெஞ்சு போட்டு உட்காருவார்கள். அன்று அங்கே கால் வைக்க இடமில்லை. எதிர்ப்பக்கம், வடக்கே, கல்லறைத் தோட்டத்துச் சுவர். அங்கே வெயில்தான். அந்தச் சுவரோரம் கறுப்புக் குடை ஒன்று தெரிந்தது. குடைக்கு அடியில் டெரிக்.

இடைவேளையில் சுற்றிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னாடா பேஜாரு புட்ச்ச எடம். வெயிலு மண்டையப் பொளக்குது. இங்க வந்து ஏன் குந்திகினு கீற?"

"ரெண்டாவது ஆஃப்ல எம் பொண்ணு இங்கதானடா வருவா."

"எப்பவுமா?"

"எப்பவும்தான். எங்க நைனாவும் எனக்காவ இங்கதான் குந்திகினு இருப்பாரு, இதே கொடைதான். கைப்பிடி மட்டும் மாத்துனேன்."

ஆட்டம் மறுபடி ஆரம்பித்தது. ஷைனி எங்கள் முன்னால் ஓடினாள். இத்தனை நாள் தூரத்தில் பார்த்தவளை அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்துவிடுகிறாள். எதிராளியின் இடுப்பைப் பார்க்கிறாள், காலைப் பார்ப்பதில்லை. இதெல்லாம் எதிர்க்கோட்டிலிருந்து தெரியாது. தரை மட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால், நடுவில் நிற்பவர்களின் கால்களும் புழுதியும் மறைத்து, அந்தப் பக்கம் ஆடுபவள் ஒரு சட்டை நிறமாக மட்டும்தான் தெரிவாள்.

நிமிர்ந்து எதிரே நிழலைப் பார்த்தேன். கிளப்புக்காரர்கள் அப்போதுதான் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள்.

பம்ப் நின்றால் பம்பைப் பார்ப்பதற்கு முன் தண்ணீர் வரும் வழியைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பழக்கம். நான் இத்தனை வருடமும் ஆடுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பார்க்கிறவனின் கண் எந்த வழியாக வருகிறது என்று பார்க்கவில்லை.

"டெரிக், எப்பவும் இங்கதான் வருவான்னியே, ஏன் எப்பவும்?"

"காத்துடா. இதுகூடவா மறந்துட்ட?"

மறக்கவில்லை. மைதானங்களை வடக்குத் தெற்காகப் போடுவதுதான் வழக்கம், வெயில் கண்ணில் விழக்கூடாது என்று. எங்களுக்கு இருந்த இடம் கிழக்கு மேற்காகத்தான் இருந்தது. கிழக்கே கடல். மேற்குக் கோலுக்குப் பின்னால் எண்ணெய்த் தொட்டிகள் நிற்பதால் வெயில் தொந்தரவு இல்லை, காற்றுதான் கணக்கு. மதியம் கிளம்பும் கடல்காற்று மாலை ஏற ஏற வலுக்கும். அதனால் முதல் பாதியில் காற்றை எதிர்த்து ஆடி, இரண்டாவது பாதியில் பலமான காற்றை முதுகில் வாங்கி மேற்கே அடிக்க வேண்டும். எங்கள் ஊரில் பந்து தொட்டவன் எவனும் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். வெளியிலிருந்து வரும் அணிகளுக்கு இது தெரியாது. டாஸ் ஜெயித்தால் அவர்கள் முதல் உதையைக் கேட்பார்கள், எந்த முனைக்கு அடிப்பது என்ற தேர்வு எங்கள் கைக்கு வந்துவிடும். ஆகவே எந்த ஆட்டமானாலும் இரண்டாவது பாதியில் நாங்கள் மேற்கு நோக்கித்தான் அடிப்போம்.

மேற்கு நோக்கி நின்று பாருங்கள். இடது கை தெற்கே, குடோன் நிழலில். வலது கை வடக்கே, கல்லறைச் சுவரில்.

கிளப்புக்காரர்கள் வருவதோ இரண்டாவது பாதிக்கு. நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது எவன் வந்தாலும் அந்த நேரம்தான் ஆகும். எங்கள் காலத்தில் லாரி வரிசை இல்லை. ஆனால் கம்பெனி ஷிஃப்ட் இருந்தது, ரயில்வே கேட் இருந்தது. ஜீப் வந்து நிற்பது இடைவேளைக்குத்தான். எதிரணியின் ரைட் பேக் இரண்டாவது பாதியில் கிழக்கு நோக்கி அடிப்பதால், அவள் கிளப்புக்காரர்கள் மடியில் வந்து ஆடுவாள். இப்போதெல்லாம் வீடியோ எடுக்கிறார்களே என்றால், கல்லூரிப் பையன் செல்போனைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் அதே நிழலில்தான்.

நான் இதை விரலால் மண்ணில் கோடு கிழித்து டெரிக்குக்குக் காட்டினேன். அவன் குடையை மடக்காமல் குனிந்து பார்த்தான்.

"அப்போ நீ லெஃப்ட்டு" என்றான்.

"ஆமா."

"நான் ரைட்டு."

"ஆமாடா."

"போடா டேய்" என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். சிரித்தான். பிறகு குடையை முகத்துக்கு நேரே சாய்த்துக்கொண்டான்.

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் அஜீசுன்னிசாவிடம் போனோம். தண்டையார்பேட்டைக்காரி, எல்லோருக்கும் நிசா மிஸ். மண்ணில் மறுபடி கோடு போட்டேன். முழுதும் கேட்டாள்.

"சரிண்ணா, இப்ப இன்னா பண்ணச் சொல்ற? அடுத்த மேட்சு ஜெயிச்சா ஜோன் கப்பு. காத்த மொதல்லயே முதுவுல வாங்கினு செகண்ட் ஆஃப்ல மூஞ்சில வாங்கச் சொல்றியா? கப்பு போனா நீயா குடுப்ப?"

"கப்ப நான் கேக்கல மிஸ்" என்றான் டெரிக்.

"நீ பேசாத. உம் பொண்ணு பேரயே எழ்தாத ஆளு நீ. சுகிர்தம் எங்கிட்ட சொல்லிட்டா."

பக்கத்தில் ஷைனியோடு உட்கார்ந்து பூட்ஸ் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்த ஜோதிகா நிமிர்ந்தாள். அவள்தான் கேப்டன், அவள்தான் லெஃப்ட் விங். அவளை எடுப்பார்கள் என்பதில் எங்கள் பலகையில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை.

"மிஸ், என்னப் பாக்க வேண்டியவங்க சீசன் பூராப் பாத்துட்டாங்க. இவள எவனும் பாக்கல. டாஸ் எங்கையிலதான கீது."

நிசா மிஸ் மண்ணில் கிடந்த கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். செருப்பால் அதை அழித்தாள். "காத்துல மெதந்து வர்ற பந்த எல்லாம் ஷைனிதான் வெட்டணும். செத்துடுவா" என்றாள். அது சம்மதம் என்று ஷைனிக்குத்தான் முதலில் புரிந்தது.

கடைசி ஆட்டத்தில் எதிரணி டாஸ் ஜெயித்து, வழக்கம்போல முதல் உதையைக் கேட்டது. ஜோதிகா மேற்கே கை காட்டினாள். நிழலில் உட்கார்ந்திருந்த உள்ளூர்க்காரர்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். "இன்னாம்மா, காத்து தெரியலயா?" என்று கத்தினார்கள். முதல் பாதிக் காற்று இளசாக இருந்தது, ஒரு கோல்தான் போட முடிந்தது. இடைவேளையில் கிளப்புக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அதே நேரம் எதிர்ச் சுவரிலிருந்து கறுப்புக் குடை எழுந்தது. கோல்கம்பத்துக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு, மெதுவாக, நிழல் பக்கத்துக்கு வந்தது. டெரிக் என் பக்கத்தில் உட்கார்ந்து குடையை மடக்கினான். அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் ஓர் ஆட்டம் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

நிசா மிஸ் சொன்னதுதான் நடந்தது. காற்றோடு வந்த பந்துகள் எல்லாம் எங்கள் எல்லையிலேயே சுற்றின. ஷைனி எங்களுக்கு இரண்டு கை தூரத்தில் நின்று ஒன்றொன்றாக வெட்டினாள். அவள் மூச்சு வாங்குவது கேட்டது. "ஜோ, உள்ள வா, உள்ள" என்று அவள் கத்துவதும் கேட்டது. கடைசியில் ஒரு பந்து எங்கள் கோலுக்குள் போய்விட்டது. டிரா. கப்பும் போய்விட்டது. எனக்கு முன் பெஞ்சில் இருந்த கிளப்புக்காரர் ஒருவர் திரும்பி, "இந்த ரைட் பேக் பேரென்ன சார்? இந்த வருஷம்தான் வந்தாளா?" என்றார்.

"நாலு வருஷமா இங்கதான் சார் ஆடுறா" என்றான் டெரிக்.

டீக்கடைக்கு வந்ததும் டெரிக் சாக்பீஸைக் கேட்டான். ஆட்டங்கள் முடிந்த பிறகு பலகையைத் திருத்துவது தப்பாட்டம் என்று எல்லோரும் சண்டை போட்டோம். அவன் எழுதிவிட்டான்.

டிராஃப்ட் அன்று சுகிர்தம் அக்காவின் செல்போனை பிஸ்கட் டப்பாவில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். ஜோதிகாவை முதல் சுற்றில் எடுத்தார்கள். பிறகு வெகுநேரம் யார் யாரோ போனார்கள். ஷைனி கடைக்குள் வராமல் ஸ்கூட்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது சுற்றில், எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர் மைக்கை இழுத்து அவள் பெயரைச் சொன்னார். தகப்பன் பெயரையும் சேர்த்து.

டெரிக் வெளியே போகவில்லை. உள்ளேயே நின்று, டப்பாவில் சாய்ந்திருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஷைனிதான் உள்ளே வந்தாள்.

மறுநாள் நிசா மிஸ் கடைக்கு வந்தாள். "சரிண்ணா, ரைட் சைடு தெரிஞ்சிச்சு. இனிமே லெஃப்ட் சைடு புள்ளைங்க கல்லறப் பக்கம் போய்டும்ல? அதுங்களுக்கு இன்னா வழி?" என்றாள். அவள் கேட்டது சரி. உட்கார்ந்து பேசி ஒரு வழி கண்டுபிடித்தோம். அதைச் சுகிர்தம் அக்கா பலகையின் முன்பக்கத்தில், வடை விலைக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறாள்: முனை நம் கைக்கு வந்தால், ஓர் ஆட்டத்தில் காற்றை இரண்டாவது பாதிக்கு வைத்துக்கொள், அடுத்த ஆட்டத்தில் முதல் பாதியிலேயே எடுத்துக்கொள். அப்போதுதான் இரண்டு பக்கத்துப் பெண்களும் குடோன் நிழலுக்கு வருவார்கள்.