செலவாகாத சாமான்

ஒரு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூறு ரூபா. ஆய்வு நிலையத்துக்கு ஆண்டியப்பன் கட்டவேண்டிய கடன் இது. இதில் ஒரு ரூபாவைக்கூட அவன் கையால் வாங்கவில்லை, குடித்து அழிக்கவில்லை, சீட்டில் விடவில்லை. ஒரு கண்ணாடிக் குடுவையைக் கழுவினான், அவ்வளவுதான்.

ஜெயபுரத்துக்கு அப்பால் வெளிநாட்டுக் காசில் கட்டிய அந்த நிலையத்தில் அவனுக்குக் கழுவித் துடைக்கிற வேலை. அங்கே பெரியவர் கலாநிதி பரமலிங்கம். அவர் செய்துகொண்டிருந்த சாமானுக்கு டென்ட்ரிமர் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத மரம் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்குவார். ஒரு கொப்பு இரண்டாகப் பிரியும், இரண்டு நாலாகும். நுனிகளில் காய்க்குப் பதிலாகப் பல்லேடியம், பவுணோடு போட்டி போடுகிற விலையுள்ள உலோகம்.

"சேராத ரெண்டு மருந்தை இது சேத்து வைக்கும், ஆனால் தான் செலவாகாது," என்பார். "தேத்தண்ணி வடிக்கேக்கை சக்கை வடியிலை நிக்குமெல்லே, அப்பிடி வடிச்செடுத்துத் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம்."

ஆண்டியப்பனுக்கு இது நன்றாக விளங்கிற்று. அவனும் காலையில் போய், எல்லாருடைய வேலையையும் நடக்கப் பண்ணிவிட்டு, பின்னேரம் போனபடியே திரும்பி வருகிறவன்தான். என்ன, அவனை வடித்தெடுத்துப் பத்திரப்படுத்த ஆளில்லை.

அப்படி வடித்தெடுத்த சாமானைத்தான் கலாநிதியின் ஆட்கள் பெயரும் ஒட்டாமல் கழுவுகிற மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பார்த்தால் மண்ணிறத் தண்ணீர். கழிவுப் பீப்பாய் வாய்வரை நிறைந்து நின்றது. அதை ஏற்றிப் போகவேண்டிய கொழும்பு லொறி, திறப்புவிழாவுக்குப் பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. வைகாசி வெயில். குடிக்கிற தண்ணீரே பவுசர் வண்டியில் வந்தது. ஜெயபுரத்தில் முகம் கழுவின தண்ணீரும் வாழைக்குத்தான் போகும். ஆண்டியப்பனும் குடுவையை வாளியில் கவிழ்த்துக் கழுவி, பின்பக்கம் போய் வாழைக்கு ஊற்றினான்.

சாமான் காணாமல் போனது கணக்கெடுப்பில்தான் தெரிந்தது. எங்கே ஊற்றினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எவ்வளவு என்று மட்டும் சொன்னார்கள்.

"மாசம் அஞ்சாயிரம் கழிச்சா மூணு வருசம் தாண்டுமே," என்றாள் வீட்டில் மனைவி தங்கம்மா. "மழைக்கு முன்ன கூரைத் தகரம் மாத்துறதா சொன்னீங்க?"

"மழைகிட்ட ஒரு வார்த்த சொல்லி வை. மூணு வருசம் பொறுக்கட்டும்."

சம்பளத்தில் கைவைக்க முன் முறைப்படி விசாரிக்க வேண்டுமாம். வவுனியாவிலிருந்து குளிரூட்டிய வாகனத்தில் மூன்று பேர் வந்தார்கள். தலைமை விமலேஸ்வரி அம்மா.

"பின்பக்கம் பழுத்த கதலிக் குலை இருக்கு, அதைத் தட்டிலை வையும்," என்றார் பரமலிங்கம். "கடையிலை வாங்கிக் காசைக் கரியாக்கேலாது."

"சேர், அந்தக் குலை வந்து..."

"சொன்னதைச் செய்யும்."

செய்தான். இலவசப் பழத்துக்கு அரச உத்தியோகத்தர் காட்டுகிற மரியாதையே தனி. விசாரணை தொடங்க முன்பே தோல்கள் குவிந்துவிட்டன.

"எங்கை ஊத்தினனீர்?" விமலேஸ்வரி கேட்டார். "தொட்டிக்குள்ளையோ?"

"இல்லை மடம். வாழைக்கு."

"எந்த வாழைக்கு?"

ஆண்டியப்பன் தட்டைப் பார்த்தான். விமலேஸ்வரியின் கையில் இரண்டாவது பழம் பாதியில் நின்றது.

"டொக்டர், இது உடம்பிலை தங்குமோ?"

"அது செமிக்காது மடம். உடையாது."

"அப்ப உள்ளுக்கை அப்பிடியே இருக்கும் எண்டுறியள்."

"மண்ணிலையிருந்து பழத்துக்கு ஏறுமோ எண்டு இன்னும் ஒருத்தரும் ஆராயேல்லை."

"இப்ப நாங்கள் ஆராயிறம்," என்றார் மூன்று பழம் தின்ற உறுப்பினர், வயிற்றைத் தடவிக்கொண்டு.

"நான் சொல்ல வந்தனான் சேர்," என்றான் ஆண்டியப்பன். "நீங்கள்தான் விடேல்லை."

அவனை வெளியே நிற்கச் சொன்னார்கள். உள்ளே கதை தாழ்ந்த குரலில் நடந்தது. பல்லேடியம் வாழைக்குப் போனது என்று எழுதினால், வாழைப்பழம் எங்கே போனது என்றும் எழுதவேண்டும். ஏன் பீப்பாயில் ஊற்றவில்லை என்ற கேள்வி வந்தால், லொறி வராத கதையும் வரும்.

மறுபடி கூப்பிட்டபோது தட்டு மேசையின் கோடிக்குத் தள்ளப்பட்டிருந்தது. விமலேஸ்வரி வாசித்தார்: "மேற்படி பல்லேடியம் வினையின்போது முழுமையாகச் செலவாகிவிட்டது. எவரும் பொறுப்பல்லர். தொகை பதிவழிக்கப்படுகிறது."

கீழே பரமலிங்கத்தின் கையெழுத்து, மை காயாமல்.

"சேர், இது செலவாகாத சாமான் எண்டெல்லே சொன்னியள்?"

"சில நேரம் செலவாகும்," என்றார் கலாநிதி, அவன் முகத்தைப் பாராமல். "கையெழுத்தைப் போடும்."

போட்டான். ஒரு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூறும் அந்த மேசையிலேயே தீர்ந்தது. மீந்த பழத்தை வீட்டுக்குக் கொண்டுபோ என்று மட்டும் அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை.