அனுமதி வந்த மாதம்

1990 செப்ரெம்பரில் ஒரு திங்கட்கிழமை, நான் வேலை செய்த டேனிஷ் சீஸ் தொழிற்சாலையில் எங்கள் உற்பத்தி வரிசையை நிறுத்தினார்கள். ஈராக்குக்குப் போகவேண்டிய சீஸ் தகரப் பேணிகள், அரபு எழுத்து ஒட்டியபடி, கூரைவரை அடுக்கிக் கிடந்தன. ஈராக் எண்ணெய் விற்கக்கூடாது, அதற்கும் எவரும் எதுவும் விற்கக்கூடாது என்று உலகம் முடிவெடுத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. மற்றவர்கள் வேலை போச்சே என்று நின்றார்கள். நான் அந்தப் பேணிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் மனைவி யோகமலர் பக்தாத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலையில் இருந்தாள்.

என்னிடம் வருவதற்காக மூன்று வருடம் கொழும்பில் காத்திருந்தவள். கொப்பன்ஹேகன் குடிவரவுக் கந்தோரில், குடும்பத்தைக் கூப்பிட எங்கள் தமிழ் ஆட்கள் போட்ட விண்ணப்பப் பைல்களை வேண்டுமென்றே தூங்கவிட்டிருந்தார்கள். அலுத்துப்போய், போன மார்கழியில் எனக்கும் சொல்லாமல் ஏஜென்சி பிடித்து பக்தாத்துக்குப் போய்விட்டாள். கந்தோருக்கு அறிவிப்போமா என்று, எனக்கு முன்னமே வந்து ஹேர்னிங் நகரில் இருக்கும் கிறிஸ்துநாயகம் அண்ணையைக் கேட்டேன்.

“வாய் திறக்காதை தம்பி. வேறை நாட்டிலை வேலை செய்யிறா எண்டு தெரிஞ்சால் பைலை மூடிப்போடுவாங்கள். கொழும்பிலை இருக்கிறா எண்டே விடு.”

நானும் பெரிய புத்திசாலிமாதிரித் தலையாட்டினேன்.

ஓகஸ்ட் கடைசியில் யாரோ ஜோர்தானிலிருந்து தபாலில் சேர்த்த அவளுடைய கடிதம் வந்தது. ‘வீட்டுக்காரர் எண்ணெய்க் கந்தோரிலை பெரிய ஆள். இப்ப அவரின்ரை சம்பளம் மா வாங்கவே காணாது. பாண் துண்டை எண்ணித்தான் தருகினம். இனித் தானே சமைக்கிறன் எண்டு வீட்டுக்கார மனுசி சொல்லிப்போட்டா. பாஸ்போட்டும் அவையிட்டைத்தான். நான் எங்கை போறது?’ அதற்குப் பிறகு கடிதம் இல்லை. போனும் எடுபடவில்லை.

வேலை நின்ற அன்று அறைக்குத் திரும்பினால், கதவடியில் அனுமதிக் கடிதம் கிடந்தது. யோகமலர் கொழும்பில் டேனிஷ் விசாவைப் பெற்றுக்கொள்ளலாமாம். சப்பாத்தைக் கழற்றாமலே மூன்று தரம் வாசித்தேன். கூப்பிட்டுச் சொல்ல அந்த அறையில் ஒரு சீவன் இல்லை. கட்டிலில் இருந்து வாய்விட்டு அழுதேன்.

அடுத்த நாள் காலை எங்கள் ஊர் கிரின்ஸ்டெட்டின் போன் பெட்டியிலிருந்து கொப்பன்ஹேகன் கந்தோருக்குப் போன் எடுத்தேன். கதைத்த பெண் நல்லவள். வாழ்த்துச் சொன்னாள்.

“மனைவி கொழும்பில்தானே இருக்கிறார்?”

ஓம் என்றால் அனுமதி நிலைக்கும். ஆனால் அவளை பக்தாத்திலிருந்து எடுக்க ஆளில்லை.

“இல்லை. பக்தாத்.”

“அப்படியானால் ஏன் கொழும்பு என்று எழுதினீர்கள்?”

எனக்குத் தெரிந்த டேனிஷ் அந்தப் பதிலுக்குப் போதவில்லை. “அவளுக்கு அங்கே சாப்பாடு இல்லை” என்று மட்டும் சொன்னேன்.

“பைலை எடுத்து வருகிறேன், போனை வைக்காதீர்கள்” என்றாள். அவளுடைய குதிச்சப்பாத்துச் சத்தம் தூரப் போனது. எங்கேயோ ஓர் இரும்பு அலுமாரியின் லாச்சி இழுபட்டுத் திறந்தது. கடைசிக் காசையும் போட்டுவிட்டு, ரிசீவரைக் காதோடு அமத்திக்கொண்டு நின்றேன்.