டி.வி. வரியில் என் பெயர்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்த பிறகு வருத்தப்படுவேன். எண்பத்து மூன்றாம் வருஷம் டி.வி. விஷயமாக வந்த கோபத்துக்கு மட்டும் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

எங்கள் மலைக்கிராமம் வாழவந்தியில் இருந்த ஒரே டி.வி. பஞ்சாயத்து அறையில் பூட்டிக் கிடந்தது. வருஷத்துக்கு ஐம்பது ரூபாய் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்ட வேண்டும். மாரியம்மன் பண்டிகைக்கு வசூலிப்பது போலவே இதற்கும் தலைக்கட்டு வரி போட்டார்கள். இருபத்தைந்து வீடு, வீட்டுக்கு இரண்டு ரூபாய். ஆண் இல்லாத வீடு தலைக்கட்டில் சேராது. என் புருஷன் போனதிலிருந்து எனக்கு வரி கிடையாது.

"நீ சும்மா வந்து பாரு, வெள்ளையம்மா" என்பார் ஊர்க்கவுண்டர் மாதையன். நல்ல மனசுதான். ஆனால் வரி கொடுத்தவர்கள் சொல்லும் நேரத்துக்குத்தான் பூட்டு திறக்கும். அவர்களுக்குப் பாட்டு வேண்டும், ஏழரைக்குத் திறப்பார்கள். ஆறரைக்கு வரும் விவசாய நிகழ்ச்சியை ஊரில் ஒருத்தரும் பார்த்ததில்லை.

என் நாற்பது காப்பிச் செடியில் தண்டைத் துளைக்கும் புழு விழுந்து ஆறு பட்டுப் போயிருந்தது. அந்தச் செடிகள்தான் எனக்குச் சோறு. வியாழக்கிழமை அந்தப் புழுவைப் பற்றித்தான் சொல்லப் போகிறார்கள் என்று எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் கிறிஸ்துதாஸ் சொன்னார். ஓடிப்போய்க் கவுண்டரைக் கேட்டேன்.

"வரி குடுக்கறவங்க ஒத்துக்கோணுமேம்மா" என்றார்.

அந்த வாரமே லைசென்சுக்குக் கெடு. ஊர்க்கூட்டத்தில் எண்ணிப் பார்த்தால் ஆறு ரூபாய் குறைந்தது. மூன்று குடும்பம் கரடியூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டதை யாரும் யோசிக்கவில்லை.

"நாம எதுக்குங்க கட்டோணும்?" என்றான் மாதேஸ்வரன். பாட்டுக் கோஷ்டிக்குத் தலைவன் அவன்தான். "சோப்புக் கம்பெனிக்காரன் விளம்பரத்துக்குக் காசு குடுக்கறானில்ல? அவனே முழுசாக் குடுக்கட்டும்."

வந்ததே எனக்குக் கோபம்! "ஏஞ் சாமி, அவன் காசு குடுத்தா சோப்பைப் பத்தித்தான் பேசுவான். என் செடியில உழுந்த புழுவைப் பத்தி அவனுக்கென்ன வந்துச்சு? நம்ம காசு போனாத்தான் அந்தப் பொட்டி நமக்குப் பேசும்!"

இரண்டு ரூபாயைக் கவுண்டர் முன்னால் வைத்தேன். என்னைப் போலத் தனியாக இருக்கும் முத்தாயியும் ராசம்மாளும் முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள். ஆறு ரூபாய் சேர்ந்துவிட்டது.

"பொம்பளைங்ககிட்ட வரி வாங்கற வழக்கமில்லையேம்மா."

"வழக்கத்தைக் குடுத்தா தபால் ஆபீசுல ரசீது போடுவாங்களா, கவுண்டரே?"

கூட்டம் சிரித்தது. கவுண்டர் நோட்டை விரித்து எங்கள் மூன்று பேரையும் எழுதினார்.

"எழுதிட்டா நீயும் ஒரு தலைக்கட்டு. பூட்டை எப்பத் தொறக்கோணும், சொல்லு."

"ஆறரைக்குங்க."

வியாழக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்தேன். புழு வைத்த செடியைப் பிடுங்கி எரிக்கச் சொன்னார்கள், மற்றதில் பட்டையைத் தேய்த்துவிடச் சொன்னார்கள். பக்கத்தில் மாதேஸ்வரன் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தான். அவன் தோட்டத்திலும் புழுவாம், கள்ளன், வாயே திறக்கவில்லை! என் முப்பத்து நாலு செடியும் பிழைத்தது.

அடுத்த மாரியம்மன் பண்டிகை வரிக்குக் கவுண்டர் நோட்டோடு என் வாசலில் வந்து நின்றார்.

"வெள்ளையம்மா தலைக்கட்டு. அஞ்சு ரூபாய்ங்க."

அடப்பாவி, இதற்குமா என்று வாய்வரை வந்தது. அழுகையும் கூடவே வந்துவிட்டது. உள்ளே போய்க் காசை எடுத்து வந்து கொடுத்தேன்.